வெயில் வந்தபின் ஏறுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோட்டு சைக்கிள் குழுக்களுக்கு,



ஞாயிற்றுக்கிழமை என்றால் மேட்டுப்பாளையம் பவானிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் விடியுமுன்னே கூடிவிடுகிறீர்கள். கார்களின் மேலிருந்து சைக்கிள்கள் இறங்குகின்றன, டயருக்குக் காற்று ஏறுகிறது, சிவப்பு விளக்குகள் சிமிட்டுகின்றன, குழுவாக ஒரு படம். பிறகு பாலத்தைத் தாண்டி, குன்னூர்ச் சாலையை விட்டுவிட்டு, கோத்தகிரிச் சாலையில் திரும்புகிறீர்கள். நல்ல தேர்வு. அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. என் வழக்கெல்லாம் நீங்கள் திரும்பும் நேரத்தைப் பற்றித்தான்.

நான் மேலே, கோத்தகிரிப் பக்கம் இருப்பவன். அதே சாலையில் சைக்கிள் மிதிப்பவன். அதனால் மலைக்காரன் கீழ்நாட்டுக்காரருக்கு எழுதும் புகார் மனுவாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள்கள் வரவர இந்தச் சாலைக்கு நல்லதுதான். கார்களைக் கட்டுப்படுத்த இ-பாஸ் வைத்து, வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று 2025இல் உயர்நீதிமன்றமே எண்ணிக்கை வகுத்துக் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்தது நீலகிரி. புகையும் ஹாரனும் இல்லாமல் ஒருவர் மலையேறி வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

நீங்கள் விடிகாலையில் கிளம்புவதன் காரணம் எனக்கும் தெரியும். அவிநாசி சாலையில் லாரியும் பஸ்ஸும் நிறைவதற்குள் ஓட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் வீடு திரும்ப வேண்டும். வீட்டில் காலை டிபனுக்கு முகம் காட்டியாக வேண்டும். சமவெளியில் நாலரை மணி என்பது அனுபவம் சொல்லிக்கொடுத்த நேரம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வருவதுதான் சிக்கல். நகரத்தில் அந்த நேரத்துச் சாலை காலியாக இருக்கிறது. இங்கே அந்த நேரத்தில்தான் சாலையில் ஆள் நடமாட்டம் அதிகம். அந்த ஆட்களுக்கு நாலு கால்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டர். ஏறும் உயரம் ஏறக்குறைய 1,450 மீட்டர். சராசரியாக நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர் ஏற்றம். பக்கத்துச் சரிவில் கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும் ரயில் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில், பல் தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டு போகிறது. அதோடு பார்த்தால் நம் சாலை சாதுதான். பின்சக்கரத்தில் 32 பல் இருந்தால் யாரும் ஏறலாம். ஆனால் சாதுவான ஏற்றம் நீண்ட ஏற்றம். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடிவாரத்துப் பாக்குத் தோப்பு தாண்டியதிலிருந்து அரவேணுவின் தேயிலை வரும்வரை அநேகமாகக் காடுதான். ஐந்து மணிக்குக் கிளம்பினால் அந்தக் காட்டின் கீழ்ப்பாதி முழுவதும் அரையிருட்டில் கழிகிறது.

அந்தக் கீழ்ப்பாதி யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். கல்லாறு யானை வழித்தடம் இந்த அடிவாரத்தை ஒட்டியதுதான். கோவை வனத்திலிருந்து சத்தியமங்கலம் பக்கம் போகும் யானைகளும், அங்கிருந்து வருபவையும் மலைக்கும் ஊருக்கும் நடுவில் எஞ்சியிருக்கும் ஒடுங்கிய காட்டில்தான் கடக்க வேண்டியிருக்கிறது. மேலே வந்தால் குஞ்சப்பனை, மாமரம், முள்ளூர் என்ற ஊர்கள். மே தொடங்கி ஆகஸ்ட் வரை பலா பழுக்கும் காலத்தில் அங்கே யானை வருமா வராதா என்ற கேள்வியே கிடையாது. எந்த வளைவில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. அந்த மாதங்களில் சாலையில் கிடக்கும் லத்தியைப் பாருங்கள். பலாக்கொட்டைகள் முழுசாக, கழுவி வைத்ததைப்போல் மினுங்கிக்கொண்டு கிடக்கும். மேல்புறம் காய்ந்து ஈ மொய்த்தால் நேற்றையது. பச்சை ஈரத்தோடு குளிரில் ஆவி விட்டால் அதைப் போட்டவர் இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறார். டார்ச் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. அதுவும் மூச்சு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பவருக்கு லத்தியே தெரியாது.

“பஸ்ஸும் காரும் அந்த நேரத்தில் போகத்தானே செய்கின்றன?” என்று கேட்பீர்கள். போகின்றன. இரண்டு வேறுபாடுகள்.

ஒன்று, சத்தம். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த நிசப்தம் காட்டுச் சாலையில் நமக்கே எதிரி. முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் அரசுப் பஸ்ஸை மூன்று வளைவுக்கு முன்பே யானை கேட்டுவிடும். ஒதுங்குவதா, நிற்பதா, குட்டியை உள்ளே தள்ளுவதா என்று முடிவெடுக்க அதற்கு நேரம் இருக்கிறது. நாமோ செயின் சத்தம்கூடக் கேட்காதபடி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம். வளைவு திரும்பினால் நேரே அதன் காலடி. கரடிக்கும் இதேதான். கோத்தகிரிப் பக்கத்துக் கரடி ஆளைத் தேடிவந்து அடிப்பதில்லை, மூக்குக்கு நேரே திடீரென்று வந்து நிற்பவரைத்தான் அடிக்கும். ஓசையில்லாத சைக்கிளைவிடத் திடீரென்று வரக்கூடியது எது?

இரண்டாவது, காற்று. இதை நீங்கள் யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. மலைக்காற்றுக்கு ஒரு நாள்முறை உண்டு. இரவில் சரிவு குளிர்கிறது, குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. வெயில் பட்டுப் பாறையும் மண்ணும் சூடேறியதும் அதே காற்று மேல்நோக்கித் திரும்புகிறது. மழையும் புயலும் இல்லாத நாளில் இது தவறாது. விடியுமுன் ஏறும்போது முகத்தில் ஜில்லென்று படுகிறதே, சுகமாக இருக்கிறது என்று சொல்கிறீர்களே, அது மேல் வளைவிலிருந்து உங்களை நோக்கி இறங்கும் காற்று. உங்கள் வாசம் பின்னால் மேட்டுப்பாளையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. யானைக்குக் கண் சுமார், மூக்குதான் எல்லாம். அந்த மூக்குக்கு நீங்கள் வரும் சேதியே போய்ச் சேருவதில்லை. சத்தமும் இல்லாமல், வாசமும் இல்லாமல், இருட்டில் வருகிறீர்கள். வேட்டைக்காரன் வேண்டுமென்றே வரும் முறை அது.

எட்டு மணிக்கு மேல் பாருங்கள். இது கிழக்கு பார்த்த சரிவு, வெயில் சீக்கிரம் விழும். காற்று திரும்பிவிடும். உங்கள் வியர்வை உங்களுக்கு முன்னே மலையேறிப் போய்ச் சொல்லிவிடும். அதற்குள் யானைகளும் அநேகமாக நிழல் தேடி உள்ளே போயிருக்கும். மேலிருந்து முதல் பஸ்களும் இறங்கியிருக்கும். அதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்தச் சாலையில் வனத்துறையின் பலகையைவிட நம்பகமான தகவல் பஸ் டிரைவர்தான். பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: “ஏனுங்க, என்ன அவசரம்? மேலிருந்து ஒரு பஸ் வரட்டுமுங்க. நின்னா நீங்களும் நிக்கணும், நிக்காமப் போனா நீங்க போலாம்.” டிரைவர் கண்ணாடி வழியே கையை ஆட்டிவிட்டுப் போனால் வழி சுத்தம். பஸ்ஸை நிறுத்தி, “மேல் வளைவுல ரெண்டு நிக்குது, குட்டி இருக்கு” என்றால் இன்னொரு டீ. இந்தச் சாலையோர ஊர்க்காரர்கள் தலைமுறையாக இப்படித்தான் வாழ்கிறார்கள். இருளர் ஊர்களில் யாரும் இருட்டில் ‘பயிற்சி’ போவதில்லை.

உங்கள் மறுப்புகளும் எனக்குத் தெரியும். முதலாவது வெயில். மார்ச்சில் எட்டு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பினால் அடிவாரத்தில் வேகும், உண்மை. ஆனால் அந்த வேக்காடு முதல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குத்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும். நீங்கள் மேலே ஏற ஏற வெயிலும் ஏறுகிறது, குளிரும் ஏறுகிறது, கணக்கு சரியாகிவிடும். அதுவும் தாங்காது என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வாருங்கள். அப்போது எட்டரைக்குக் கிளம்பினாலும் கையுறை தேடுவீர்கள்.

இரண்டாவது, போக்குவரத்து. வார இறுதியில் எட்டு மணிக்கு மேல் கார்கள் வரத்தான் செய்யும். ஆனால் இந்தச் சாலை அமைதியாக இருப்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது, அது இன்னும் வேலை செய்கிறது. மலைக்கு வெள்ளைக்காரர் போட்ட முதல் பாதையே இந்தக் கிழக்குச் சரிவில்தான் வந்தது. கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1821இல் சிறுமுகையிலிருந்து தொடங்கி, 1823இல் கோத்தகிரி அருகே திம்பட்டி வரை கொண்டுவந்தார். பிறகு குன்னூர் மலைப்பாதை வந்தது, 1899இல் ரயிலும் குன்னூரைத் தொட்டது. சரக்கும் கூட்டமும் அந்தப் பக்கம் போய்விட்டன. இன்றும் ஊட்டி என்று கேட்டால் மேப் பெரும்பாலும் குன்னூர் வழியைத்தான் காட்டும். ஒரே ஒரு விலக்கு: கோடை சீசன். அப்போது ஊட்டிக்குப் போகும் வண்டிகள் குன்னூர் வழியாகவும் திரும்பும் வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள். மலையே இந்தச் சாலையில் இறங்கும். அந்த வாரங்களில் சைக்கிளோடு வரவே வராதீர்கள். மற்ற நாளில், ஒரு வாரநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தால் பத்து மணிக்கும் சாலையில் உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்குக் கேட்கும்.

மூன்றாவது மறுப்பு வெளியே சொல்லப்படாதது: ஸ்ட்ராவா செயலி. காலைக் குளிரில் ஏறினால் நேரம் குறையும், பட்டியலில் இரண்டு இடம் முன்னேறலாம். இதற்கு என்னிடம் மரியாதையான பதில் இல்லை. கால அளவோடு ஓட வேண்டுமென்றால் இந்தியாவெங்கும் மேடு இருக்கிறது. யானை வழித்தடத்தின் குறுக்கே ஸ்டாப்வாட்ச் வைப்பது எனக்குப் புரியவில்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பிரெவே நடத்துபவர்களுக்கும் இதே வேண்டுகோள்: மலைப் பகுதி பகலில் விழும்படி வழியை அமையுங்கள், சமவெளியை இருட்டுக்குக் கொடுங்கள். முடியவில்லை என்றால் மலையை விட்டுவிடுங்கள். 2008இலிருந்து நடக்கும் டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணம், மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியே பேர் வாங்கியது. அந்த ஏற்றம் கடினமானது என்பதற்காகத்தான் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், இருட்டில் ஏறினார்கள் என்பதற்காக அல்ல.

இனி இறக்கம். ஏற்றத்தைப் பற்றி நீங்கள் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூட இறக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் எலும்பு முறிவதெல்லாம் இறக்கத்தில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. 1,450 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் சூடாக இறங்க வேண்டும். பயந்து பயந்து லேசாகப் பிடித்தபடியே வருபவருக்குச் சூடு ஆற இடைவெளியே கிடைக்காது. ரிம் பிரேக் என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். டிஸ்க் என்றால் பிடி மங்கும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவில் விட்டு, நேரான துண்டில் ஆறவிட வேண்டும். கருகிய ரப்பர் வாடை வந்தால் நிறுத்துங்கள். நின்றதும் ரிம்மைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் ஒட்டிக்கொள்ளும்.

காற்றைப் பற்றி மேலே சொன்னது பகலில் இறங்குபவருக்குத் தலைகீழாகும் என்பதையும் மறைக்கக் கூடாது. பிற்பகலில் காற்று கீழிருந்து உங்கள் முகத்துக்கு வரும், உங்கள் வாசம் மேலே போய்விடும். அதோடு மூன்று மணிக்கு மேல் அரவேணுவுக்குக் கீழே மேகம் வந்து உட்கார்ந்தால் பத்தடி தள்ளி நிற்கும் காட்டெருமையும் பாறைபோல்தான் தெரியும். ஆகவே இறங்குவதானால் உச்சிப்பொழுதுக்குள் தொடங்குங்கள், ஒவ்வொரு குருட்டு வளைவிலும் மணி அடியுங்கள். ஆம், மணி. முப்பது கிராம் கூடும் என்று நீங்கள் கழற்றி வைத்த அதே மணி.

சாலை முறை ஒன்று. மலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். நீங்கள் ஏறும்போது அது உங்களுக்கும் பொருந்தும். ஆனால் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் வந்தால் சட்டம் பேசாமல் ஒரு காலை ஊன்றி ஓரமாக நில்லுங்கள். கொண்டை ஊசியில் நின்றுவிட்ட பஸ் மறுபடி கிளம்பப் படும் பாட்டை உள்ளே உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். அந்தப் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளும் தோட்டத்துக்குப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது நேரத்துக்குப் போக வேண்டிய பயணம். உங்கள் பின்னால் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நடை வேகத்தில் ஊர்ந்து வரும் துணைக் காரும் தேவையில்லை. மேலே அனுப்பி ஓரிடத்தில் காத்திருக்கச் சொல்லுங்கள். ஹேண்டில்பாரில் மாட்டும் ஸ்பீக்கரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. யானையை எச்சரிக்க அதுவும் உதவும் என்று யாராவது கிளம்பிவிடுவீர்கள். குப்பையைப் பற்றி ஒரே வரி: நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, ஆகவே இரண்டு பாட்டிலை நிரப்பிக்கொண்டே ஏறுங்கள், ஜெல் உறையைச் சட்டைப் பைக்குள் திரும்ப வையுங்கள், குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்காதீர்கள்.

பருவத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் ஏமாறுகிறார்கள். நீலகிரிக்கு இரண்டு மழை, இரண்டு முகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை குந்தா, அவலாஞ்சிப் பக்கத்தை அடித்து நொறுக்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்போதும் கோத்தகிரிப் பக்கம் தூறலோடு நிற்கும். எங்கள் மழை அக்டோபர், நவம்பரில், வடகிழக்கிலிருந்து வருவது. 2009 நவம்பரில் மண் சரிந்து மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். ஆகவே “ஊட்டியில் மழை விட்டுவிட்டது” என்ற செய்தியை நம்பி தீபாவளி விடுமுறைக்கு இங்கே வராதீர்கள். மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் வளைவுகளில் சேறு வழித்துக்கொண்டு வந்திருக்கும். 28 மில்லிமீட்டர் டயருக்கு அது எண்ணெய் தடவிய தரை.

கடைசியாக, உங்களில் பலர் செய்யும் ஒரு காரியம் எனக்கு வருத்தம். மூச்சு முட்ட ஏறி வந்து, கோத்தகிரிப் பேருந்து நிலையம் அருகே ஒரு டீ, வர்க்கி, ஒரு செல்ஃபி, உடனே இறக்கம். நீங்கள் தேடிவந்த அமைதியான சாலை அந்தப் பேருந்து நிலையத்துக்கு அப்பால்தான் தொடங்குகிறது. கோடநாட்டுக்கு 18 கிலோமீட்டர். சில்வர் ஓக் நிழல், தேயிலைக்கு நடுவே சோலைத் துண்டுகள், வரிசை வீடுகளோடு படுகர் ஊர்கள். கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் திரும்பினால் ஒரு மணி நேரத்துக்கு நாலு வண்டி எதிரே வந்தால் அதிகம். ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் திடீரென்று நிமிரும், மலைச்சாலையில் மூன்று மணி நேரம் சீராக மிதித்தவரையும் இறங்கித் தள்ள வைக்கும். தேயிலைக்குள் இடுப்பளவு மறைந்து காட்டெருமைக் கூட்டம் மேயும். முதுகு மட்டும் கருப்பாக நகரும், சாலைக்கு வந்தபின்தான் வெள்ளைக் காலுறை போட்ட கால்கள் தெரியும். அது தலையைத் தூக்கிப் பார்த்து ஒரு முறை புஸ்ஸென்று மூச்சுவிட்டால், நீங்கள் நிற்கும் இடம் போதும் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் கையைக் காட்டிச் சொல்வார்கள், எப்போது போகலாம் என்று.

இதையெல்லாம் பார்க்க ஒரு நாள் போதாது. சனிக்கிழமை பகலில் ஏறுங்கள், இரவு கோத்தகிரியில் தங்குங்கள், ஞாயிறு காலை டிபன் முடித்து மேல்சாலைகளில் சுற்றிவிட்டு, பதினொரு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள். வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

குழு நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த கோத்தகிரிப் பயண அறிவிப்பில் “பவானிப் பாலம், காலை 4.45” என்று இருக்கும் இடத்தில் “காலை 7.30” என்று போடுங்கள். வர மாட்டேன் என்பவர்களை அவிநாசி சாலைக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள்காரன்